கஸ்தூரி பேரில் ஒரு சீட்டு

ஜக்தல்பூர் முகாம்
12 மே 2025

தம்பி தாமோதரனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான், இப்போதைக்கு எடுக்கவும் மாட்டேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் கட் செய்வேன், உடனே உன் பெண்டாட்டி கலைவாணியின் போனிலிருந்து கூப்பிட்டு மறுபடி கத்துவாய். கடிதம் என்றால் நான் சொல்வதை முடிவு வரைக்கும் நீ கேட்டாக வேண்டும்.

வெண்ணிலா எல்லாவற்றையும் சொன்னாள். என் மகள் உன் வீட்டில் வளர்கிறாள் என்பதற்காக என்னிடம் எதையும் மறைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நைனாவின் கருமாதி முடிந்த கையோடு அவருடைய இரண்டு துப்பாக்கிகளையும் ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பாடு பிரித்திருக்கிறாய். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது பாடு. அதைத் துப்பாக்கிக்குச் செய்தது கோட்டைக்குப்பத்தில் இதுதான் முதல்முறையாக இருக்கும். போகட்டும், சீட்டு நல்ல வழிதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

சீட்டில் யார் பேரை எழுதினாய்? ஒன்றில் உன் பேர். இன்னொன்றில் உன் மகன் அஜித்குமார் பேர்! மூன்றாம் வகுப்பு படிக்கிறவன். இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது அவனுக்கு. ரைபிள் உனக்கு, மஸ்கட் துப்பாக்கி அவனுக்கு என்று விழுந்ததாம். பையன் பெரியவனாகிற வரைக்கும் மஸ்கட்டை அத்தைக்காரி என் பேரில் போட்டு வைக்கலாம் என்று பெரியவர்கள் அருள்பாலித்தார்களாம்.

நான் இந்தத் துணை ராணுவ உடுப்பைப் போட்டு இருபது வருஷம் ஆகப்போகிறது. தினமும் துப்பாக்கியோடு எழுந்து துப்பாக்கியோடு படுக்கிறேன். என் பேரை எழுத ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லையா அந்த ஊரில்?

நீ லைசென்ஸுக்கு எழுதிப் போட்டால், மற்ற வாரிசுக்கு ஆட்சேபணை இல்லை என்று என் கையெழுத்து வேண்டும். அது உனக்குத் தெரியும். நான் போட மாட்டேன். இது உனக்குத் தெரிய வேண்டும்.

கஸ்தூரி


கோட்டைக்குப்பம்
24 மே 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை போஸ்ட்மேன் என் கையில் கொடுக்கவில்லை, கரையில் நின்ற கருப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவன் பிரித்துப் படித்தானோ இல்லையோ, கரையில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நீ கோபப்படுகிறாய். கோபப்பட எனக்கும் தெரியும். நைனா மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது யார்? நீ லீவு கிடைத்து வந்து சேரும்போது பாடை கட்டியாகிவிட்டது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆனால் உரிமை என்று வரும்போது மட்டும் முதல் ஆளாக நிற்கிறாயே, அதைச் சொல்கிறேன்.

பாடு குலுக்கும்போது பொம்பளை பேர் எழுதுகிற வழக்கம் இல்லை. நான் கண்டுபிடித்ததா இது? தாத்தன் காலத்திலிருந்து அப்படித்தான். ஏரியில் இறங்குகிற ஆம்பளைக்குத்தான் சீட்டு. ஊர்ப் பெரியவரிடம் உன் பேரையும் சொல்லிப் பார்த்தேன். ‘கட்டிக்குடுத்த பொண்ணுக்கு இன்னா பாடு?’னு கேட்டார். இரண்டு சீட்டுக்கு இரண்டு ஆம்பளைப் பேர் வேண்டும் என்றார்கள், வீட்டில் இருக்கிற இன்னொரு ஆம்பளை அஜித்குமார்தான். எழுதினேன்.

முகத்துவாரம் மண் மேடிட்டுக் கிடக்கிறது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்தால்தானே இறால் வரும்? வலையைப் போட்டால் பாசிதான் வருகிறது. மீஞ்சூர் பக்கம் ஒரு குடோனில் காவல் வேலை இருக்கிறது. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வேலை. உனக்கு மாசாமாசம் பென்ஷன் வரப் போகிறது. எனக்கு என்ன வரும், ஏரியா பென்ஷன் கொடுக்கும்?

ரைபிளாவது மஸ்கட்டாவது, இரண்டும் பழைய பட்டாளத்துச் சாமான். ஒரே போல்ட், ஒரே கட்டை, ஒரே கனம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நைனாவே குழம்புவார். பித்தளைப் பூண் போட்ட மஸ்கட் பார்க்க இன்னும் லட்சணமாக இருக்கிறது. அதைத்தானே உனக்குக் கொடுத்திருக்கிறோம், இதில் என்ன குறைந்துபோனாய்?

கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

தாமோதரன்


ஜக்தல்பூர் முகாம்
3 ஜூன் 2025

தாமோதரா,

லட்சணம் பார்த்துப் பெண் எடுக்கலாம், துப்பாக்கி எடுக்கக் கூடாது.

இரண்டையும், நைனா போனதோடு அவர் லைசென்ஸ் முடிந்ததும், பட்டணத்துத் துப்பாக்கிக் கடையில்தானே பாதுகாப்புக்கு ஒப்படைத்திருக்கிறாய்? அங்கே போ. போல்ட்டைக் கழற்றச் சொல். பின்பக்கம் டார்ச் அடித்துக் குழலுக்குள் பார். ரைபிள் குழலில் சுருள் சுருளாகப் புரி ஓடும். குண்டு அந்தப் புரியில் சுழன்றுகொண்டே வெளியே வரும், அதனால்தான் நேராகப் போகும். மஸ்கட்டுக்குள் பார்த்தால் ஒன்றும் இருக்காது, தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருக்கும். அதுவும் ஒரு காலத்தில் பட்டாளத்து ரைபிள்தான். உள்ளே இருந்த புரியை வழித்தெடுத்து, குழலைப் பெரிதாக்கி, போலீஸ்காரன் கையில் கொடுத்தார்கள். நம்ம ஆள் கையில் நேராகச் சுடுகிற துப்பாக்கி இருந்தால் நாளைக்குத் தன் பக்கமே திருப்பிவிடுவான் என்று வெள்ளைக்காரன் பயந்தான், அதனால்தான் என்று எங்கள் ஆயுதக் கிடங்கு ஹவில்தார் சொல்வார். உண்மையோ பொய்யோ, எனக்கு அதைத்தான் கொடுக்கிறீர்கள்.

நைனா பட்டாளத்திலிருந்து வந்து பேங்க்கில் காவலுக்குச் சேர்ந்த புதிதில், சுடும் மைதானத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரைபிளில் அவர் சுட்டது எல்லாம் ஒரு தேங்காய் மூடிக்குள் அடங்கிற்று. ஏலத்தில் வாங்கின அந்த மஸ்கட்டை எடுத்தார். வண்டிச் சக்கரம் அளவு பலகை, அதில் ஒன்று பட்டது, மற்றது எல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ‘காக்கா ஓட்டத்தான் ஆவும்’னு சொல்லிச் சிரித்தார். கிட்டத்தில் சில்லு என்கிற பொடிக் குண்டு போட்டுச் சுட அது போதும், தூரத்துக்கு அதை நம்பக் கூடாது. மதிப்பும் அப்படித்தான். ரைபிளுக்கு ஆள் வரிசையில் நிற்பான். மஸ்கட்டைக் கொடுத்தால் பழைய இரும்புக்காரன் பேரீச்சம்பழம்கூட யோசித்துத்தான் கொடுப்பான்.

பென்ஷன் பென்ஷன் என்கிறாயே. வெண்ணிலா காலேஜ் சேர்ந்திருக்கிறாள், அவள் அப்பன் எங்கேயோ போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். வரும் வருஷம் நான் படையிலிருந்து வெளியே வந்ததும் பொன்னேரியில் ஒரு பேங்க்கில் காவல் வேலைக்குக் கேட்டிருக்கிறேன். சொந்தத் துப்பாக்கியோடு வா என்கிறார்கள். அது கிடைத்தால் ஊரிலேயே இருப்பேன், என் பெண்ணோடு ஒரே வீட்டில் சாப்பிடுவேன். இல்லையென்றால் மறுபடி எங்கோ ஒரு மூலையில் யார் வீட்டுக் கதவுக்கோ காவல். உனக்கு மட்டும்தான் வயிறு இருக்கிறது என்று நினைக்காதே.

கையெழுத்து கிடையாது.

கஸ்தூரி


கோட்டைக்குப்பம்
19 ஜூன் 2025

அக்காவுக்கு,

நீ சொன்னாய் என்று பட்டணத்துக்குப் போனேன். மீஞ்சூரில் ரயில் ஏறி, வெயிலில் அலைந்து, அந்தக் கடையைத் தேடிப் போவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. மஸ்கட்டுக்குள் ஒன்றும் இல்லை.

ஆனால் நீ சொல்லாத ஒன்றும் இருக்கிறது. கடையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறவர் ஒரு குண்டை எடுத்து, அதன் மூக்கை ரைபிள் வாய்க்குள் விட்டார். நல்ல குழலாக இருந்தால் பாதியில் நிற்குமாம். இதில் குண்டு கழுத்து வரைக்கும் சடக்கென்று போய் உட்கார்ந்துகொண்டது. வாயில் ஒரு பக்கம் மட்டும் புரி தேய்ந்துபோயிருக்கிறது. யார் இதைத் துடைத்தது என்று கேட்டார். எங்கள் நைனா என்றேன். என்ன தொழில் என்று கேட்டார். பட்டாளம், அதற்கு முன்னால் மீன்பிடி என்றேன். அவ்வளவுதான், அந்த ஆள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

துடைக்கிற கயிற்றைக் குழல் வழியாக விட்டு நேராக இழுக்க வேண்டுமாம். நைனா படகில் நின்று வலைக் கயிறு இழுக்கிற மாதிரி, விளிம்பில் சாய்த்துப் போட்டு, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து இழுத்திருக்கிறார். உப்புக் காற்றில் துரு பிடிக்கும் என்று ஒரு நாள் விடாமல் துடைத்தாரே, நீயும் பார்த்திருக்கிறாய். அந்தக் கயிறே அறுத்திருக்கிறது. இப்போது சுட்டால் குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும், இந்த ரைபிளை எவனும் மதிக்க மாட்டான் என்றார். மஸ்கட்டை யாரும் தொடாததால் அது புதுசு மாதிரி இருக்கிறதாம். பித்தளையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவன் இருக்கிறானாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை அக்கா. தேய்ந்தது போகட்டும். செத்துப்போன மனுஷனைப் பார்த்து அந்த ஆள் சிரித்தாரே. ‘எங்க நைனா உன்ன மாதிரி ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு தொடைக்கல’னு சொல்லிவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் யோசித்தேன். நீதான் ரைபிள் ரைபிள் என்று கேட்டாய். எடுத்துக்கொள். அக்காவுக்குத் தம்பி சீர் செய்ததாக இருக்கட்டும், ஊரும் மெச்சும். மஸ்கட்டை நான் வைத்துக்கொள்கிறேன். குடோனில் யார் வந்து குறி பார்க்கச் சொல்லப் போகிறான், பார்க்க லட்சணமாக இருந்தால் போதும்.

இப்போது திருப்தியா? கையெழுத்தை அனுப்பு.

தாமோதரன்


ஜக்தல்பூர் முகாம்
30 ஜூன் 2025

தாமோதரா,

நைனாவை நினைத்து அழுதேன். சுடுவதற்கு முன்னால் வலை இழுக்கப் பழகிய கை அது, வேறு எப்படி இழுக்கும்? அந்தக் கடைக்காரரைத் திட்டியதற்காக உன்னை மெச்சுகிறேன். இந்தக் கடிதத்தில் மெச்சுவது இத்தோடு முடிந்தது.

சீரா? நல்லதாக இருந்தவரைக்கும் அது உன் பாடு. தேய்ந்தது என்று தெரிந்த மறுநாள் அது அக்காவுக்குச் சீர். அழுகின மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அன்பளிப்பு என்று சொல்கிறவனை நம் கரையில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? அதை நீ ஒளிக்காமல் எழுதினாயே, அந்த வெகுளித்தனத்துக்காகத்தான் உன்னைச் சும்மா விட்டேன்.

ஒன்று சொல்கிறேன். தேய்ந்த ரைபிள்கூட மஸ்கட்டைவிட மேல். எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தெரிந்துகொண்டால், அதற்குத் தக்கபடி குறியை மாற்றிவிடலாம். மஸ்கட் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. எனக்கு இன்னமும் ரைபிள்தான் வேண்டும். மறைக்கவில்லை.

ஆனால் உன் கையிலிருந்து பிச்சையாக வேண்டாம். நீ கொடுத்து நான் வாங்கினால், அது உன்னுடையது, நீ பார்த்து இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று ஆகும். நைனாவுக்கு ஒரு பிள்ளைதான், அவன் அக்காவைக் கவனித்துக்கொண்டான் என்று ஊர் பேசும். நானும் அவருடைய பிள்ளை.

மறுபடி சீட்டுக் குலுக்கு. இரண்டு துப்பாக்கி, இரண்டு பேர். உன் பேர், என் பேர். எது விழுந்தாலும் வாய் திறக்க மாட்டேன். குலுக்கின அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

கஸ்தூரி


கோட்டைக்குப்பம்
11 ஜூலை 2025

அக்காவுக்கு,

சீட்டு கீட்டு என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. இங்கே நடந்த அக்கிரமத்தைக் கேள்.

நேற்று இந்த வருஷத்துப் பாடு குலுக்கினார்கள். குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கோயில் முன்னால் போய் உட்கார்ந்தேன். குடத்தைக் குலுக்கி ஒவ்வொரு பேராக எடுக்கிறார்கள். கருப்பன் பேர் வந்தது. அவன் தம்பி பேர் வந்தது. நேற்றுக் கல்யாணம் ஆனவன் பேரெல்லாம் வந்தது. கடைசிச் சீட்டும் எடுத்துக் குடத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். என் பேர் வரவே இல்லை. விட்டுப்போயிற்று போல என்று எழுந்து கேட்டேன். விட்டுப்போகவில்லையாம். வெளி வேலைக்குப் போகிறவனுக்குப் பாடு கிடையாதாம், வழக்கமாம், முதல் நாளே பேசி முடிவு செய்துவிட்டார்களாம்.

நான் இன்னும் குடோன் வாசலைக்கூட மிதிக்கவில்லை! வேலைக்குக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? மீசை முளைக்கும் முன்னால் ஏரியில் இறங்கினவன் நான். இந்த ஏரிச் சேறு இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது. கருப்பன் எல்லார் முன்னாலும், ‘உனக்குத்தான் துப்பாக்கி கீதே தாமு, வலை எதுக்கு?’னு கேட்டான். சிரித்தார்கள் அக்கா. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், என் எதிரிலேயே, நான் இல்லாத மாதிரி சீட்டைப் பிரித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

சோறு இறங்கவில்லை. கலைவாணி மூன்று தடவை தட்டு வைத்தாள். பாடு போனதுகூடப் பெரிசில்லை, இந்த வருஷம் ஏரியில் என்ன இருக்கிறது வாரிக்கொண்டு போக? ஆனால் பேரே எழுதாமல் விடுவதா? எழுதி, எனக்கு வெறும் சேற்றுப் பாடு விழுந்திருந்தால்கூட மூச்சு விட்டிருப்பேனா?

நீயே சொல். இது நியாயமா?

தாமோதரன்


ஜக்தல்பூர் முகாம்
18 ஜூலை 2025

தம்பி,

நியாயம் இல்லை. அக்கிரமம்தான். உன்னை உட்கார வைத்துவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இங்கே ரத்தம் கொதிக்கிறது. வேலைக்குக் கேட்டதற்காகவே பேரை எடுக்கலாம் என்று எந்த வழக்கத்தில் இருக்கிறது என்று போய்க் கேள். விடாதே.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இதற்கு மேல் எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவேன். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை நீயே ஒரு தடவை படி. உன் பேர் இருக்கிற இடத்தில் என் பேரை வைத்துப் படி.

கஸ்தூரி


கோட்டைக்குப்பம்
4 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

படித்தேன். இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். சமயம் பார்த்துக் குத்துகிறாள் என்று கலைவாணியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் பேசவில்லை. ‘அண்ணி கேட்டது இன்னா தப்பு?’ன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் குலுக்கினேன். கோயில் முன்னால்தான் செய்ய வேண்டும் என்று போய்க் கேட்டேன், பொம்பளை பேரைக் குடத்தில் போடக் கூடாது என்றார் பெரியவர். சரி, உங்கள் குடம் உங்களுக்கு என்று வந்துவிட்டேன். வீட்டுச் சொம்பை எடுத்துத் தெருவில் வைத்தேன். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. பெரியவரும் வந்தார், சும்மா இருக்காமல், ‘ஏண்டா தாமு, அந்தப் பொண்ணு எந்த ஏரியில இறங்குச்சுன்னு அதுக்குச் சீட்டு?’ என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. ‘நான் எறங்கினேனே, எனக்குச் சீட்டு போட்டியா?’னு கேட்டேன். தெரு முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் பாடு இனி எந்த வருஷமும் வராது என்று கருப்பன் சொல்கிறான். வராவிட்டால் போகட்டும்.

பாடு குலுக்கும்போது கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். நைனா பேரைச் சொல்லி, அவர் மகள் கஸ்தூரி என்று மூன்று தடவை. முதல் சீட்டு ரைபிளுக்கு, இரண்டாவது மஸ்கட்டுக்கு என்று வெண்ணிலா சொம்பில் கை விட்டு எடுத்தாள்.

உனக்கு மஸ்கட் விழுந்திருக்கிறது அக்கா.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதற்குப் பேசாமல் நான் கொடுத்ததை வாங்கியிருக்கலாம் நீ. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீ ரைபிளை எடுத்துக்கொள், நான் மஸ்கட்டை எடுத்துக்கொள்கிறேன். நமக்குள் மாற்றிக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இது சீர் இல்லை, பிச்சையும் இல்லை. நீ நேராகச் சுடுகிறவள், உன்னிடம் அது இருப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தாமோதரன்


ஜக்தல்பூர் முகாம்
12 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி தாமோதரனுக்கு,

கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது. தாமோதரன் பேரில் ரைபிள் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கஸ்தூரி பேரில் மஸ்கட் போவதில் உனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீயும் அதே மாதிரி எழுதி அனுப்பு. பேங்க்குக்கு போன் செய்து கேட்டுவிட்டேன். வாசலில் நிற்க மஸ்கட்டே போதும் என்கிறார்கள்.

உன் ரைபிள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தெரியாமல் வேலைக்கு எடுத்துப் போகாதே. லைசென்ஸ் வந்ததும் சுடும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். துடைக்கிற கயிற்றை நேராக இழு.

மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சே வேண்டாம். விழுந்த பாட்டை எவனாவது மாற்றிக்கொள்வானா? ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி டியூட்டியில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டில் மட்டமானதுதான் எனக்கு விழுந்திருக்கிறது. ஆனால் என் பேரைக் கூப்பிட்டு விழுந்திருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அந்த மஸ்கட்டைக் கொடுக்காதே.

உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கத்தாமல் பேசு.

அக்கா
கஸ்தூரி